வெர்சாய் ரோசாவும் ஒரு றாத்தல் பாணும்

(ரியோக்கோ இகேடாவின் 'வெர்சாயின் ரோசா' சித்திரக்கதை, தடித்த அட்டைப் பதிப்பின் முதலாம் தொகுதியை முன்வைத்து)

பெண்பிள்ளைகள் விரும்பி வாசிப்பது எதுவோ அது இலக்கியத் தரம் அற்றது என்ற முடிவுக்கு நமது திறனாய்வுலகம் வாசிப்பதற்கு முன்னமே வந்துவிடுகிறது. வாராந்தத் தொடர்கதைகளும் மாத நாவல்களும் நீண்டகாலமாக இத்தீர்ப்பைச் சுமந்து வருகின்றன. சித்திரக்கதை என்றால் கேட்கவே தேவையில்லை. அதனைச் சிறுவர் பகுதிக்கு ஒதுக்கிவிட்டு நாம் நமது வேலையைப் பார்க்கிறோம். சித்திரக்கதையாகவும் இருந்து, பெண்பிள்ளைகளுக்கென்றே வரையப்பட்டதாகவும் இருந்துவிட்டால் அப்படைப்புக்கு இரட்டைத் தடை. இவ்விரு தடைகளையும் தாண்டி அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்து நிற்கும் ஒரு படைப்பைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

யப்பானியர் தமது சித்திரக்கதையை 'மங்கா' என்பர். அதில் 'ஷோஜோ' எனப்படும் பிரிவு பருவப் பெண்களைத் தனது முதன்மை வாசகராகக் கொண்டது. ஷுவெய்ஷா நிறுவனத்தின் 'மார்கரட்' என்ற வார சஞ்சிகையில் 1972 முதல் 1973 வரை தொடராக வந்ததே 'வெர்சாயின் ரோசா'. பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்திய வெர்சாய் அரண்மனையும், புரட்சி வெடித்த பாரிஸ் நகரமும் இதன் களங்கள். யப்பானில் இது பெற்ற செல்வாக்கு சாதாரணமானதன்று. பெண்கள் மட்டுமே நடிக்கும் தக்கராசுக்கா நாடகக் குழு 1974இல் இதனை மேடையேற்றியது. அன்று தொட்டு அது மீண்டும் மீண்டும் மேடை கண்டு வருகிறது. 1979இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. 2025இல் புதிய உயிரூட்டத் திரைப்படமாகவும் வந்தது. 2009இல் பிரான்ஸ் அரசு தனது உயர் விருதான லெஜியோன் தொனர் விருதினை இகேடாவுக்கு வழங்கியது. தமது நாட்டின் வரலாற்றை ஒரு யப்பானியப் பெண் சொன்ன விதத்துக்குப் பிரெஞ்சுக்காரர் அளித்த மரியாதை அது.

ஆங்கில வாசகருக்கோ இது நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது. 1981இல் பிரெடரிக் ஷொட் என்பவரின் மொழிபெயர்ப்பில் ஆரம்பப் பகுதிகள் இரண்டு மாத்திரம் யப்பானிலேயே வெளிவந்தன. அதுவும் ஆங்கிலம் கற்கும் யப்பானியரை நோக்கியது. கனடாவின் யூடொன் நிறுவனம் 2015இல் முழுமையான பதிப்பினை அறிவித்து, முதலாம் தொகுதியை 2020இல்தான் கொண்டுவந்தது. மொத்தம் ஐந்து தொகுதிகள். சேகரிப்போரை மனங்கொண்டு, தடித்த அட்டையும் பெரிய அளவும் நல்ல தாளுமாக அமைந்த பதிப்பு இது. நமது ஊரவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்த பிரதியே எனது வாசிப்புக்குக் கிட்டியது.

படைப்பாளி பற்றிச் சில வார்த்தைகள் அவசியம். 1947இல் பிறந்த இகேடாவுக்கு இத்தொடரை ஆரம்பித்தபோது வயது 24. பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயிலச் சென்றவர். 1960களில் யப்பானைக் கலக்கிய மாணவர் எழுச்சியின் காலத்தில் இடதுசாரி இளைஞர் அமைப்பில் இயங்கியவர். பாடசாலைப் பருவத்தில் ஸ்டெபான் சுவைக் 1932இல் எழுதிய மரி அந்துவானெத் வாழ்க்கை வரலாற்றைப் படித்தது அவருள் தங்கிவிட்டது. வரலாற்றுக் கதை பெண்பிள்ளைகளிடம் எடுபடாது என்று சஞ்சிகைப் பொறுப்பாளர்கள் தயங்கியதாக இகேடா பின்னாளில் கூறியுள்ளார். அவர்களது தயக்கத்தை வாசகியரே பொய்யாக்கினர்.

அக்காலத்தில் ஷோஜோ மங்கா பெருமாற்றத்துக்கு உள்ளாகிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னர் பெண்பிள்ளைகளுக்கான சித்திரக்கதைகளைப் பெரும்பாலும் ஆண்களே வரைந்தனர். ஒசாமு தெசுக்கா 1953இல் தொடங்கிய 'ரிபன் வீரன்' அவற்றுள் முதன்மையானது. 1970களின் தொடக்கத்தில் மோத்தோ ஹாகியோ, கெய்க்கோ தக்கேமியா, யுமிக்கோ ஒஷிமா முதலான இளம் பெண்கள் இத்துறைக்குள் நுழைந்தனர். யப்பானிய ஆண்டுக் கணக்கின்படி ஷோவா 24, அதாவது 1949ஐ அண்டிப் பிறந்தவர்கள் என்பதால் இவர்களை '24ஆம் ஆண்டுக் குழு' என அழைப்பர். இகேடா இவர்களது சமகாலத்தவர். பெண்பிள்ளைகளின் மனதை அந்தப் பருவத்தை அண்மையில் கடந்து வந்த பெண்களே எழுதத் தொடங்கிய காலம் அது.

இதே 1972இல்தான் சிவகாசியிலிருந்து முத்து கொமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது என்பதை இங்கு நினைவூட்டலாம். இரும்புக்கை மாயாவியை ஒளித்து வைத்து வாசித்த தலைமுறை நமது ஊர்களிலும் உண்டு. அந்தக் கதைகளில் வீரம் செய்தவர் அனைவரும் ஆண்களே. நமது சகோதரிகள் அண்ணன்மாரின் புத்தகங்களை இரவல் வாங்கி, பிறருக்காக எழுதப்பட்ட கதைக்குள் தமக்கு ஓர் இடம் தேடினர். யப்பானியச் சிறுமியருக்கோ ஒரு வாரம் தவறாமல் தமக்கென்றே ஒரு சஞ்சிகை வந்துகொண்டிருந்தது. இவ்விரு நிலைமைகளையும் ஒப்பிட்டு நோக்கினால் இத்தொகுதியின் பெறுமதி விளங்கும்.

இனிக் கதைக்கு வருவோம். 1755இல் மூன்று நாடுகளில் மூன்று பிள்ளைகள் பிறக்கின்றனர். ஒஸ்திரிய இளவரசி மரி அந்துவானெத், சுவீடன் பிரபு பெர்சன், பிரெஞ்சுப் படைத்தளபதி யார்யேயின் மகள் ஒஸ்கார். முதலிருவரும் வரலாற்று மாந்தர். ஒஸ்கார் கற்பனை. ஆண் வாரிசு இல்லாத தளபதி, கடைசியாகப் பிறந்த இந்தப் பெண்குழந்தைக்கு ஆண்பெயர் சூட்டி, வாளும் குதிரையும் பழக்கி, தனது மகனாகவே வளர்க்கிறார். மரி அந்துவானெத் 1770இல் பிரான்சின் முடிக்குரிய இளவரசனுக்கு மனைவியாகி வரும்போது அவளது காவற்படைக்குப் பொறுப்பாக ஒஸ்கார் நிற்கிறாள்.

மணப்பெண்ணுக்கு அப்போது 14 வயது. ஒன்பதாம் தரத்தில் கணக்குக் கொப்பியோடு அமர்ந்திருக்க வேண்டிய வயது. ரைன் நதித் தீவொன்றில் தாய்நாட்டு உடைகள் யாவும் களையப்பட்டு, பிரெஞ்சு உடை அணிவிக்கப்பட்டு, இரு அரசுகளுக்கிடையில் ஒரு பொருளைப்போல் அவள் கைமாற்றப்படுகிறாள். வரலாற்று நூல்கள் இதனை ஓர் அரச சடங்காக ஒரு வரியில் சொல்லிச் செல்லும். இகேடா அந்தச் சிறுமியின் முகத்தை நமக்குக் காட்டுகிறார். அதே வயதுடைய வாசகி அந்த முகத்தைப் பார்க்கும்போது அரச திருமணம் என்ற சொற்றொடரின் பளபளப்பு தானாகவே உதிர்ந்துவிடுகிறது.

தொகுதியின் முற்பாதியை நிரப்புவது 15ஆம் லூயி மன்னனின் ஆசைநாயகி துபாரி சீமாட்டிக்கும் மரி அந்துவானெத்துக்கும் இடையிலான மௌனப் போர். தரத்தில் மூத்தவள் முதலில் பேசாமல் தாழ்ந்தவள் பேசக்கூடாது என்பது அரண்மனை விதி. இளவரசி பேச மறுக்கிறாள். முழு அரண்மனையும் அவள் வாயைப் பார்த்துக் கிடக்கிறது. ஒஸ்திரியாவுக்கும் பிரான்சுக்கும் இடையிலான நட்புறவே ஆட்டங்காணும் நிலை வருகிறது. ஈற்றில் 1772 புத்தாண்டு தினத்தன்று, வெர்சாயில் இன்று சனக்கூட்டம் அதிகம் என்ற பொருளில் ஒரேயொரு வாக்கியத்தைச் சொல்லி அவள் பணிகிறாள். வரலாற்றில் உண்மையாக நடந்த சம்பவம் இது. பாடசாலை முற்றத்துக் கோபதாபம்போல் தோன்றும் ஒன்றில் ஓர் அரசியல் அமைப்பின் உக்கிய நிலையை இகேடா கண்டுகொள்கிறார். இரு பெண்கள் பேசுவதா இல்லையா என்பதில் அமைச்சர்களும் தூதுவர்களும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் நாட்டில், வயலில் நிற்பவனை யார் நினைத்துப் பார்ப்பார்? இக்கேள்வியை ஆசிரியர் வெளிப்படையாகக் கேட்கவில்லை. வாசகர் கேட்கும்படி வைத்திருக்கிறார்.

ஒஸ்காரின் பாத்திரம் பற்றியே அதிகம் பேசப்பட்டிருக்கிறது. மரி அந்துவானெத்தைக் கதாநாயகியாக்கவே இகேடா எண்ணினார். வாசகியரின் மனமோ ஒஸ்காரிடம் சென்றது. இதற்கான காரணத்தைத் தெசுக்காவின் கதையோடு ஒப்பிட்டு அறியலாம். 'ரிபன் வீரன்' கதையில் வரும் இளவரசி தான் பெண் என்பதை மறைத்தே ஆணாக உலவுகிறாள். உண்மை வெளிப்பட்டால் எல்லாம் முடிந்தது என்ற அச்சமே கதையை நகர்த்துகிறது. ஒஸ்கார் எதனையும் மறைப்பதில்லை. அவள் பெண் என்பதை அரண்மனையே அறியும். அறிந்தபடியே அவளது கட்டளைக்குப் பணிகிறது. ஒரு பெண் தனது பெண்மையை ஒளிக்காமலேயே பொறுப்பான பதவியை வகிக்கலாம் என்ற காட்சியை 1972இன் சிறுமியர் வாராவாரம் கண்டனர்.

எனினும் இவ்விடத்தில் ஒரு முரண் உண்டு. ஒஸ்காரின் சுதந்திரம் அவள் தேடிப் பெற்றதன்று. தந்தையின் ஆணையால் வாய்த்தது. மகன் இல்லாத குறையை நிரப்ப ஒரு மகளை எடுத்துக்கொண்டார் தளபதி. அவளைக் கேட்டு அவர் எதையும் செய்யவில்லை. இளவரசி தாயின் அரசியலுக்காகக் கைமாற்றப்பட்டாள் என்றால் ஒஸ்கார் தந்தையின் கௌரவத்துக்காக உருமாற்றப்பட்டாள். முதலாம் தொகுதியில் அவள் இதனை முழுமையாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. பின்வரும் தொகுதிகளில் அவள் அரண்மனைக் காவலை விட்டு, சாதாரண படைவீரர் நிறைந்த பிரெஞ்சுக் காவற்படைக்குச் செல்வதும், 1789 ஜூலையில் மக்கள் பக்கம் சேர்ந்து பஸ்தீல் கோட்டையின் முன்னே உயிர்விடுவதும் அவள் தானே எடுத்த முடிவுகள். தந்தை தந்த வாளைத் தந்தையின் வர்க்கத்துக்கு எதிராகவே திருப்பும்போதுதான் அந்தச் சுதந்திரம் அவளுடையதாகிறது. ஆகவே முதலாம் தொகுதியை மாத்திரம் வாசித்துவிட்டு இதனை ஓர் அரண்மனைக் கதை என்று மூடிவைப்போர் அதன் அடித்தளத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியோரே.

அந்திரே என்ற பாத்திரத்தையும் கவனிக்க வேண்டும். ஒஸ்காரை வளர்த்த தாதியின் பேரன் இவன். அவளோடு சேர்ந்து வளர்ந்தும் வேலைக்காரனாகவே இருப்பவன். மரி அந்துவானெத் ஏறிய குதிரை மிரண்டு ஓடியதற்கு அந்திரே பொறுப்பாக்கப்பட்டு, அவனது உயிருக்கே ஆபத்து நேர்கிறது. ஒஸ்கார் தனது உயிரைப் பணயம் வைத்து அவனைக் காப்பாற்றுகிறாள். உணர்ச்சி ததும்பும் கட்டம்தான். ஆயினும் ஒரு வேலைக்காரனின் உயிர் சட்டத்தால் அன்றி ஒரு பிரபுவின் வாக்குறுதியால் மாத்திரமே தப்புகிறது என்ற உண்மை அதனுள் கிடக்கிறது.

எனது பாடசாலையில் பதினோராந் தரத்துக்குப் பிரெஞ்சுப் புரட்சி கற்பிக்கும் காலத்தில் இத்தொகுதியை மாணவியரிடம் கொடுத்திருந்தேன். ஆங்கிலம் முழுமையாக விளங்காவிடினும் படங்களைக் கொண்டு கதையைப் பிடித்துவிட்டனர். அவர்களுள் ஒருத்தி கேட்டாள்: "சேர், ஒஸ்கார்ர உடுப்ப யாரு கழுவுற?" வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய உம்மா கூலிக்கு உடுப்புக் கழுவிக் கொடுப்பவர். அந்தக் கேள்வி எனக்குப் பல திறனாய்வுகளை விடக் கூர்மையாகப் பட்டது. குதிரையில் ஏறி, வாள் சுழற்றி, மழையிலும் சேற்றிலும் திரியும் ஒஸ்காரின் உடை அடுத்த பக்கத்தில் பளிச்சென்று இருக்கிறது. அதனைத் துவைத்த கையை இகேடா நமக்குக் காட்டுவதில்லை. ஒஸ்காரின் விடுதலைக்குப் பின்னால் விடுதலை பெறாத வேறு பெண்களின் உழைப்பு இருக்கிறது.

இக்குறையை ஆசிரியரும் உணர்ந்திருக்கக்கூடும். ஏனெனில் தொகுதியின் பிற்பாதியில் ரொசாலி வருகிறாள். பாரிஸ் நகரின் வறிய பெண். நோயாளித் தாய்க்குச் சோறூட்ட வழியின்றித் தெருவில் தன்னையே விற்க முனைகிறாள். அவள் அணுகிய 'பிரபு' ஒஸ்கார். தான் பெண் என்பதைச் சொல்லிச் சிரித்துவிட்டு ஒரு பொற்காசைக் கொடுத்துச் செல்கிறாள் ஒஸ்கார். பாணுக்கு வழியில்லாதவளின் துயரத்தை முதன்முதலில் எதிர்கொள்ளும் சீமான் வீட்டுப் பிள்ளைக்குச் சிரிப்பே வருகிறது. அந்தச் சிரிப்பை வரைந்த இடத்தில் இகேடா தனது நாயகியிடமும் தாட்சண்யம் காட்டவில்லை. பின்னர் பொலிஞாக் சீமாட்டியின் வண்டியில் அடிபட்டு ரொசாலியின் தாய் மடிகிறாள். பழிவாங்கப் புறப்பட்ட ரொசாலி வழிதவறி ஒஸ்காரின் வீட்டையே வெர்சாய் என எண்ணி நுழைகிறாள். அரண்மனையையும் பிரபு வீட்டையும் வேறுபிரித்து அறியாத அந்தக் கண்கள்தாம் இத்தொகுதியின் உண்மையான கண்கள். கீழே நின்று பார்ப்பவருக்கு மேலே உள்ள மாளிகைகள் யாவும் ஒன்றுதான்.

ஆனால் இங்கேதான் எனது பிரதான ஆட்சேபமும் எழுகிறது. ரொசாலி ஒஸ்காரின் வீட்டில் ஏற்கப்பட்டு, வாளும் நடையுடை பாவனையும் கற்று, அரண்மனைக்கும் செல்கிறாள். கதை வளர வளர, அவள் உண்மையில் பிரபு குலத்தில் பிறந்தவள் என்பது வெளியாகிறது. அவளைப் பெற்றவள் வேறு யாருமல்ல, அந்தப் பொலிஞாக் சீமாட்டியே. தொடர்கதைக்கு இது சுவையான திருப்பம். கருத்துக்கோ இது பெரும் சறுக்கல். நமது அனுதாபத்தைப் பெறும் வறிய பெண்ணுக்கு நீல இரத்தம் ஊட்டப்பட்டே தீரவேண்டுமா? துணி தைத்தும் பாண் இன்றிப் பசித்தும் வாழ்ந்த ஒரு சாதாரண பெண் சாதாரணமாகவே இருந்துகொண்டு கதையில் நிலைக்க முடியாதா? 1775இல் மா விலையும் பாண் விலையும் ஏறியபோது பாரிசைச் சூழ்ந்த பகுதிகளில் கலகம் செய்தோருக்கு, 1789 ஒக்ரோபரில் பாண் கேட்டு வெர்சாய்க்கு நடந்து சென்ற சந்தைப் பெண்களுக்கு, எந்தப் பிரபு குலத் தொடர்பும் இருக்கவில்லை. வரலாற்றை மாற்றியோர் அவர்களே. நமது தமிழ்ச் சினிமாவில் குப்பத்தில் வளர்ந்த கதாநாயகன் கடைசியில் சமீன்தார் மகனாவதைப் பார்த்து நாம் சலித்திருக்கிறோம். இடதுசாரிச் சிந்தனையோடு எழுதவந்த இகேடாவும் அதே வாய்க்காலில் கால் வைத்தது ஏமாற்றமே.

அரசி மீதான பரிவு பற்றியும் ஒரு குறிப்பு. பாண் இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று அவள் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. மாணவர்களுக்கு மரி அந்துவானெத் பற்றி நினைவில் நிற்பது இது ஒன்றுதான். அவள் இதனைச் சொன்னதற்கு ஆதாரமில்லை. பெயர் சொல்லாத ஓர் இளவரசி கூறியதாக ரூசோ எழுதியபோது மரி அந்துவானெத் ஒஸ்திரியாவில் சிறுபிள்ளை. சுவைக்கைப் பின்பற்றி இகேடா அவளை அரக்கியாகவும் காட்டவில்லை, புனிதையாகவும் காட்டவில்லை. பெரிய நாற்காலியில் அமர்த்தப்பட்ட சாதாரண பெண்ணாகவே காட்டுகிறார். 1774இல் 15ஆம் லூயி அம்மை நோயில் இறக்க, இருபது வயதும் நிரம்பாத இருவர் முடிசூடும் கட்டத்தில் நமக்கு அச்சமே தோன்றுகிறது. தனிமனிதரின் குணக்கேட்டை விட அமைப்பின் கேடே புரட்சிக்குக் காரணம் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதனைவிட நல்ல உபகரணம் கிடைப்பது அரிது.

சித்திரங்களைப் பற்றிக் கூறாவிடின் இக்குறிப்பு முழுமை பெறாது. ஷோஜோ மங்காவுக்கே உரிய பெரிய விழிகள், அவற்றுள் நட்சத்திரங்கள், பின்னணியெங்கும் சிதறும் மலர்கள் ஆகியன முதற்பார்வையில் மிகையாகத் தோன்றலாம். பழகிவிட்டால் அவை ஒரு மொழி என்பது புலப்படும். மனநிலை மாறும்போது கட்டங்களின் கோடுகள் உடைகின்றன. பேச்சுக் குமிழுக்குள் அடங்காத நினைவுகள் வெற்றுவெளியில் மிதக்கின்றன. பெர்சனும் மரி அந்துவானெத்தும் பாரிசின் முகமூடி நடனத்தில் சந்திக்கும் பக்கங்களில் சொற்கள் பின்னொதுங்க முகங்களே பேசுகின்றன. ஆரம்ப அத்தியாயங்களின் கோடுகளில் குழந்தைத்தனமும் வேடிக்கையும் மிகுதி. கதை கனக்கக் கனக்கக் கோடுகளும் முதிர்கின்றன. யப்பானிய முறைப்படி நூல் வலமிருந்து இடமாகச் செல்கிறது. ஆங்கில வாசகர் இதற்குப் பழக வேண்டியிருக்கும். குர்ஆன் மத்ரஸாவில் எழுத்தறிந்த நமது பிள்ளைகளோ கேளாமலேயே சரியான பக்கத்திலிருந்து திறந்தனர்.

பதிப்பு அழகானது, உறுதியானது. பெரிய பக்கங்களில் இகேடாவின் ஆடை அணிகலன் நுணுக்கங்கள் தெளிவாகத் தெரிகின்றன. அதேவேளை, வாரமொரு முறை சில பக்கங்களாக வாசிக்க எழுதப்பட்டதை ஒரே மூச்சில் வாசிக்கையில், ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் வைக்கப்படும் திடுக்கிடல்கள் சற்று அலுப்பூட்டுகின்றன. இதைவிட முக்கியமானது இன்னொன்று. மலிவுத் தாளில் அச்சாகி, பாடசாலைப் பையில் கசங்கி, கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்ட கதை இது. இன்று அது அலமாரிக்குரிய பொருளாகிவிட்டது. சேகரிப்போர் பேணிக் காப்பதால் ஒரு படைப்பு அழியாமல் இருக்கும் என்பது உண்மையே. ஆனால் யாருக்காக வரையப்பட்டதோ அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணின் கைக்கு இவ்விலையில் இது எட்டாது. தடித்த அட்டைப் பதிப்போடு மலிவுப் பதிப்பொன்றும் வந்திருக்க வேண்டும் என்பதே எனது அபிப்பிராயம். கிராமத்துப் பாடசாலை நூலகங்களுக்கு ஒரு பிரதியாவது வாங்கிக் கொடுக்க வசதியுள்ளோர் முன்வரலாம்.

இகேடாவின் சறுக்கல்களைச் சுட்டினேன். அவற்றோடு சேர்த்தே இதனை நல்ல படைப்பு என்று துணிந்து சொல்கிறேன். அம்புலிமாமாவைத் தாண்டிவிட்ட, பெரியோரின் நாவலை இன்னும் எட்டாத வயதுப் பெண்பிள்ளைக்கு நமது மொழியில் நாம் கொடுத்திருப்பது மிகவும் சொற்பம். நமது பெண் எழுத்தாளர்கள் கவிதையிலும் சிறுகதையிலும் காத்திரமாகச் சாதித்திருக்கிறார்கள். அவர்களுள் யாரேனும், சித்திரம் வரையத் தெரிந்த ஒருத்தியோடு சேர்ந்து, இந்த வயதினருக்கென எழுத முன்வருவாராயின் உடுப்புக் கழுவுபவரின் மகள் கேட்ட கேள்விக்கு இகேடா சொல்லாமல் விட்ட பதிலை அங்கு எழுதலாம்.